கருவியும் பொறுப்பும்
பகவத் கீதையின் 18ஆம் அத்தியாயம் செயலுக்கு ஐந்து காரணங்கள் சொல்கிறது: இடம், செய்பவர், கருவிகள், முயற்சி, தெய்வம். மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பருத்தி ஏலத்தில் கருவி, தராசாகக் கண்ணெதிரே நிற்கிறது. திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களின் கணினிப் பிரிவில் அது மறைந்துவருகிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைக்க சர்வர் பெட்டி இருந்தது. கிளவுடுக்கு மாறிய இடத்தில் அதுவும் இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பில் மென்பொருளை மனிதரே மாற்றி எழுதினர். இப்போது நிரலைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. மனிதருக்குச் சரிபார்க்கும் வேலை. ஆனால் விருப்பும் அச்சமும் இல்லாத கருவியை வினைப்பயன் சேராது. அந்த நிரலில் பீஸ் ரேட் (உருப்படிக் கூலி) கணக்கு பிசகி டெய்லருக்குச் சனிக்கிழமைக் கூலி குறைந்தால், சரிபார்த்தவர் பொறுப்பு. நிதானமாகப் பார்க்க அவருக்கு நேரம் தராத முதலாளிக்கும் அதில் பங்குண்டு, நிச்சயமாக.