துடைப்பம் ஒடிந்தால் ஒடியட்டும்!

13 வயதில் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் கிக்கி. மந்திரக்காரியாகப் பிறந்த பெண் அந்த வயதில் அயலூர் போய், ஓராண்டு தன் உழைப்பில் வாழ்ந்து காட்டவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கைவசம் இருப்பது துடைப்பத்தில் ஏறிப் பறக்கும் வித்தை மட்டும். அதை நம்பி, ஒரு பேக்கரியில் தங்கி, வீடு வீடாகப் பொருள் கொண்டு சேர்க்கும் தொழிலைத் தொடங்குகிறாள். ஹயாவோ மியாசாகி 1989-இல் எடுத்த 'கிக்கிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்தின் கதை இது.

ஒருநாள் அந்த வித்தையும் போய்விடுகிறது. சாபமிட்ட வில்லன் யாருமில்லை. இருட்டில் சரிவில் ஓடி ஓடிக் குதித்துப் பார்க்கிறாள், உருண்டு விழுகிறாள், அம்மா கொடுத்த துடைப்பம் ஒடிகிறது. அவளோடு பேசிவந்த கறுப்புப் பூனை ஜிஜி வெறும் 'மியாவ்' என்கிறது.

தம்பி, தங்கையே, இது உனக்கும் நடந்திருக்கும். பள்ளியில் கணக்குப் புலி, கல்லூரி முதல் பருவத்தில் அரியர். உடனே "என் சரக்கு அவ்வளவுதான்" என்று உனக்கு நீயே தீர்ப்பு எழுதிக்கொள்கிறாயே, அந்த உரிமையை உனக்கு யார் கொடுத்தது?

காட்டுக் குடிலில் வாழும் ஓவியப் பெண் அர்சுலா, கிக்கிக்கு அறிவுரை மழை பொழியவில்லை. தனக்கும் ஒரு காலத்தில் கை ஓடவில்லை என்கிறாள். வரைந்து வரைந்து பார். முடியாவிட்டால் நிறுத்து, நட, தூங்கு என்கிறாள். ஓய்வு வேறு, ஓட்டம் வேறு! இந்த வேறுபாட்டை இவ்வளவு அழகாகச் சொன்ன இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு நண்பன் தொம்போ ஆகாயக் கப்பலின் கயிற்றில் தொங்குகிறான். கிக்கி தன் பழைய துடைப்பத்துக்காக அழுதுகொண்டிருக்கவில்லை. ஒரு பெரியவரிடம் தரை தேய்க்கும் பிரஷ்ஷை இரவல் வாங்கி ஏறுகிறாள். அது திமிறுகிறது, சுவரில் மோதுகிறது. ஆனாலும் பறக்கிறாள்!

2001-இல் வந்து ஆஸ்கர் வென்ற மியாசாகியின் இன்னொரு படம் 'ஸ்பிரிட்டட் அவே'. அதன் நாயகி சிஹிரோவுக்குப் பத்தே வயது. வித்தை ஏதும் கிடையாது. அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்து நடந்த பயந்தாங்கொள்ளி. சூனியக்காரி யுபாபா மிரட்டி உருட்டியபோதும், "எனக்கு வேலை கொடுங்கள்" என்ற ஒரே சொல்லில் நின்றாள். பன்றிகளாகிப்போன பெற்றோரை மீட்டது அந்தப் பிடிவாதம்.

மீண்டும் கிக்கியிடம் வருவோம். ஜப்பானிய மூலப் படத்தில், அவள் மறுபடி பறந்த பிறகும் ஜிஜி பேசுவதில்லை. இழந்தது எல்லாம் திரும்பாது. அதற்காக அவள் தொழிலை மூடவில்லை. நீ பாதியில் போட்ட புத்தகம் எங்கே? எடு. இன்று இரவே ஒரு பக்கம் படி!