கிளிக்கோவின் விதவை

மஞ்சள் லேபிள் ஒட்டிய அந்தச் சாம்பெய்ன் புட்டியில் முதல் சொல்லுக்குப் பொருள் 'விதவை'. வெவ் கிளிக்கோ, அதாவது கிளிக்கோவின் விதவை. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது கைம்பெண் எதிரே வரக்கூடாது என்று கதவைச் சாத்திய வீட்டில் வளர்ந்தவள் நான். உலகமெங்கும் கொண்டாட்டத்துக்கென்று திறக்கும் மதுவுக்கு இப்படியொரு பெயர் என்றறிந்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது.

பார்ப்-நிக்கோல் போன்சார்தேன் 1777இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் பிறந்தவர். 1805இல் கணவர் பிரான்சுவா இறந்தபோது அவருக்கு வயது 27, கையில் ஒரு சிறுமி. அதற்கு முந்தைய ஆண்டுதான் நெப்போலியனின் சிவில் சட்டம் வந்திருந்தது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அதில் எழுதியே வைத்தார்கள். அவன் சம்மதமில்லாமல் அவள் வியாபாரம் நடத்த முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது. கணவனை இழந்தவளுக்கு இந்தத் தடை இல்லை. மாமனாரிடம் போய்த் தொழிலைத் தானே நடத்துவதாகக் கேட்டார். அவர் பணம் போட்டார். நான்காண்டுகள் அனுபவசாலி ஒருவரின் கூட்டில் தொழில் பழக வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1810இல் நிறுவனத்தின் பெயரில் 'விதவை' ஏறியது.

இரண்டாம் முறை நொதிக்கும்போது இறந்த ஈஸ்ட் புட்டிக்குள் வண்டலாகத் தங்கி மதுவைக் கலங்கடிக்கும். வேறு புட்டிக்கு ஊற்றினால் நுரை போய்விடும். மேசையில் துளையிட்டு, புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பி வண்டலைக் கழுத்துக்கு இறக்கும் முறை 1816 வாக்கில் அவருடைய நிலவறையில்தான் உருவானது. வால்மீன் தோன்றிய 1811ஆம் ஆண்டின் மது, போர் ஓய்ந்த 1814இல், போட்டியாளர்களை முந்திக்கொண்டு கப்பலேறி ரஷ்யாவுக்குப் போனது. பூசி கிராமத்துச் சிவப்பு மதுவைக் கலந்து 1818இல் ரோஸ் சாம்பெய்ன் செய்தார்.

இத்தனையும் ஒரு சாவுக்குப் பின்னால்தான் நடக்க முடிந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. பிரான்சுவா எண்பது வயதுவரை வாழ்ந்திருந்தால், அதே அறிவு அதே வீட்டில் என்னவாகியிருக்கும்? ஒருவர் இறந்ததால் வாய்த்ததை உரிமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது சட்டம் அடைக்க மறந்த சந்து. புகுந்தவரின் திறமையைப் போற்றலாம், சந்தை வாசல் என்று எழுதக்கூடாது. பொம்மெரி நிறுவனத்தை 1858இலும் பொலிஞ்சேயை 1941இலும் கையிலெடுத்தவர்களும் விதவைகளே. 'சாம்பெய்னின் விதவைகள்' என்று இன்று விளம்பரங்களில் பெருமை பேசுகிறார்கள். மனைவிகள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

அவர் மகள் கிளெமென்தீன் 1817இல் ஒரு பிரபுவை மணந்தார். பூர்சோவில் அம்மா கட்டிய மாளிகை அந்தக் குடும்பத்துக்குப் போனது. நிறுவனமோ பங்காளியாக வளர்ந்த எதுவார் வெர்லேவுக்கு. இதற்காக அவரைக் குறை சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் மகளுக்குக் கொடுப்பதென்றால் மருமகனுக்குக் கொடுப்பதாகவே முடியும் என்பது, அந்தச் சட்டத்தின் கீழ் தொழில் நடத்தியவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பூசியிலும் வெர்சனேயிலும் சரிவுகளில் குனிந்து திராட்சை கொய்த பெண்களும் யாரோ ஒருவருக்கு மனைவிகள். தாம் ஈட்டிய கூலியைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் மணமான பெண்களுக்கு 1907இல்தான் கிடைத்தது. கிளிக்கோவின் விதவை இறந்து அப்போது 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.