எந்தப் படத்துக்காக?

“கேமரா முக்கியமில்லை, கண்தான் முக்கியம்” என்று சொல்பவர்களிடம் பெரும்பாலும் நல்ல கேமரா இருக்கும். பணம் முக்கியமில்லை என்று சொல்பவர்களைப் போலத்தான். அந்த வாக்கியத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும்போது அது அறிவுரையாக இருப்பதைவிட வாயை அடைக்கும் வேலையைத்தான் அதிகம் செய்கிறது. மங்கிய வெளிச்சத்தில் ஓடுகிற குழந்தையைப் படமெடுக்க அதற்கேற்ற கருவி வேண்டும், கண் மட்டும் போதாது. அதனால் ‘இருப்பதை வைத்துத் திருப்தியாக இரு’ என்ற பதிலை முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம். கேமராவை மாற்றலாமா என்பது பார்வைக்குப் பணக் கேள்வி. அதன் அடியில் இன்னொன்று இருக்கிறது: ஒரு பொருள் போதவில்லை என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம்?

என்னிடம் இருப்பது நிக்கான் டி90. 2008இல் வந்த மாடல், 12.3 மெகாபிக்சல், கூடவே வந்த 18-105 லென்ஸ். பார்த்து வைத்திருந்தது டி750. 2014 மாடல், ஃபுல் ஃப்ரேம், 24 மெகாபிக்சல். தாம்பரம் பக்கம் ஒரு கல்யாண ஃபோட்டோகிராஃபர் விற்கிறார். இரண்டுமே பழசு என்பதுதான் இதில் வேடிக்கை.

என் தொழிலில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. சப்போர்ட் முடிந்துபோன மென்பொருளில் ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆள் இருக்காது. யாரோ ஒருவருடைய கணக்கு விவரம் வெளியே போய்விடும். பழைய வெர்ஷனிலேயே இருப்பது அங்கே சோம்பேறித்தனம்கூட இல்லை, பொறுப்பின்மை. பத்து வருஷம் இந்த வேலை பார்த்தவனுக்குப் ‘பழசு’ என்ற சொல்லைக் கேட்டாலே லேசாகக் குற்றவுணர்வு வரும். ஆனால் டி90 அப்படிப்பட்ட பொருள் இல்லை. 2008இல் எடுத்த படத்தை இன்றும் அப்படியே எடுக்கும். அது மோசமாகவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறொன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் எனக்கு உண்மையான ஒரு குறை இருந்தது. மேலூரில் அப்பத்தா. 86 வயது. பகலெல்லாம் அதிகம் பேசாது. விளக்கு வைத்த பிறகு, பட்டாசாலையில் ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில்தான் கதை ஆரம்பிக்கும். வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஃப்ளாஷ் அடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஃப்ளாஷ் இல்லாமல், ஐஎஸ்ஓ 1600இல் என் லென்ஸுக்குக் கிடைக்கும் வேகம் ஒரு செகண்டில் பதினைந்தில் ஒரு பங்கு. முகம் ஓரளவு வரும், கைகள் புகையாகக் கலைந்துவிடும். இப்படி ஒரு படத்தைச் சுட்டிக்காட்டி ‘இதை என்னால் எடுக்க முடியவில்லை’ என்று சொல்ல முடிந்தால்தான் கருவி போதவில்லை என்ற பேச்சுக்கே அர்த்தம் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் மாடல்களை ஒப்பிடும் அட்டவணை கிளப்பிவிடுகிற அரிப்பு.

சரி, அந்தப் படத்துக்கு என்ன வேண்டும்? வெளிச்சம். இங்கே கணக்கு எளிமையானது. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு என்னுடையதைப்போல 2.3 மடங்கு. ஆறு வருஷம் புதிய சென்சார் என்பதால் இன்னும் கொஞ்சம் லாபம். மறுபக்கம், ஒரு சாதாரண 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். என் லென்ஸ் அதே 50இல் ஏறக்குறைய எஃப் 5 வரைதான். வித்தியாசம் சுமார் 7 மடங்கு. பதினைந்தில் ஒரு பங்காக இருந்த வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். கை நிற்கும். அந்த லென்ஸின் விலை டி750இன் விலையில் ஒரு சிறு பகுதி. இன்னொரு வேடிக்கை: என் பழைய லென்ஸை டி750இல் மாட்டினால் அது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். கிடைப்பது சுமார் 10 மெகாபிக்சல், இப்போது இருப்பதைவிடக் குறைவு. ஆக உடம்பை வாங்கினால் லென்ஸும் வாங்க வேண்டும், இரண்டு மடங்கு பெரிய கோப்புகளுக்கு இடம் வேண்டும், பிறகு லேப்டாப் முனகும்.

திதரோ 1769இல் தன் பழைய அங்கியைப் பற்றி எழுதிய கட்டுரை இதே கதைதான். புது அங்கி வந்ததும் வைக்கோல் நாற்காலி மட்டமாகத் தெரிய, தோல் நாற்காலி வருகிறது. அடுத்து மேசை, சுவர்ப் படங்கள். 1988இல் கிரான்ட் மெக்ராக்கன் என்ற மானுடவியலாளர் இதற்குத் ‘திதரோ விளைவு’ என்றே பெயர் வைத்தார்.

கணக்குப்படி லென்ஸோடு பிரச்சினை முடிந்தது. ஆனால் ஆசை முடியவில்லை, டி750 இன்னமும் வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் சுவாரசியமே இங்கேதான். தேவையைக் கழித்த பிறகும் மிஞ்சும் இந்த ஆசை கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். பெரிய வ்யூஃபைண்டரில் உலகம் தெரிவது ஒரு சுகம். நல்ல உளியைக் கையில் உருட்டிப் பார்க்காத தச்சர் உண்டா? சிக்கல் என்னவென்றால், இந்த ஆசை தன் சொந்தப் பெயரில் வந்து நிற்பதில்லை. அப்பத்தாவுக்காக என்று வரும். பயன்படுத்திய பொருள்தானே, பூமிக்கு நல்லது என்று வரும். விற்கிறவருக்கும் உதவியாக இருக்கும் என்றுகூட வரும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் செல்லுபடியாகிறது.

வேறொருவர் பெயரில் பில் போட்டால் என்ன குறைந்துவிடும், எப்படியும் காசு நம்முடையதுதானே என்று கேட்கலாம். குறைகிறது. அந்த விலை கொடுத்து ஒருவருக்காக வாங்கிய கேமரா அவரிடமிருந்து படங்களை எதிர்பார்க்க ஆரம்பிக்கும். ‘இந்தப் பக்கம் திரும்பு, கையை இன்னொரு தடவ அப்படிக் காட்டு’ என்று சொல்லத் தோன்றும். பழைய கேமராவுக்கே அப்பத்தா சொல்லியிருக்கிறது: “என்னத்தடா சும்மா சும்மா புடிக்கிற, செத்த நேரம் ஒக்காந்து பேசிட்டுப் போ.” அன்பின் பெயரில் வாங்கிய பொருளுக்கு அந்த அன்பையே வட்டியாகக் கட்டச் சொல்வது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

தாம்பரத்துக்காரரிடம் பேசினேன். ஷட்டர் 1,12,000 ஓடியிருக்கிறது. அந்த மாடலை 1,50,000 வரை சோதித்திருக்கிறார்கள். மறைக்காமல் சொன்னார். ஏன் விற்கிறீர்கள் என்றதற்கு, “இதுல ஒரு குறையும் இல்ல தம்பி. கஸ்டமர் மொதல்ல கேக்குறதே மிரர்லெஸ்ஸான்னுதான். இத வச்சிருந்தா ஆர்டர் வராது” என்றார். தாலி கட்டுவது ஒரு தடவைதான், அதனால் இரண்டு கார்டு போடும் வசதி இல்லாத கேமராவைத் தொடவே மாட்டேன் என்றும் சொன்னார். எந்தப் படத்துக்காக எந்த வசதி என்று அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லத் தெரிகிறது. ஆனாலும் அவர் மாற்றுவது அந்தப் படங்களுக்காக இல்லை, பெயர் கேட்கிற ஊருக்காக. பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. எனக்கு அந்த நெருக்கடி இல்லை. இல்லாத நெருக்கடியை நானே ஏன் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்?

இப்போதைக்கு வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். என்றைக்காவது டி750 வாங்கலாம். வாங்கினால், பிடித்திருக்கிறது, அதனால் வாங்கினேன் என்று வீட்டில் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மனைவி முன்னால் சொல்லிப் பார்ப்பது அத்தனை சுலபமில்லை என்பதும் ஒரு நல்ல வடிகட்டி.

50 மி.மீ. லென்ஸ் வாங்கியாயிற்று, அதுவும் பயன்படுத்தியதுதான். அடுத்த வாரம் மேலூர். ஒன்றரை மீட்டர் தூரத்தில், எஃப் 1.8இல் கூர்மையாக வருவது ஆறேழு சென்டிமீட்டர் ஆழம் மட்டும். பேசும்போது அப்பத்தாவின் கை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் இருக்கும். இரண்டும் சேர்ந்து வராது. கையைத்தான் என்று நினைத்திருக்கிறேன்.