கிரீவிகீல்: மாண்டோர் வாசலில் ஒரு முற்றம்

அயர்லாந்தின் வடமேற்கே, ஸ்லைகோ மாவட்டத்துக் கிளிஃபொனி ஊரருகே இருக்கிறது கிரீவிகீல் முற்றக் கல்லறை. கி.மு. 4000-க்கும் 3500-க்கும் இடைப்பட்ட காலத்தில், அத்தீவின் முதல் உழவர் குடிகள் எழுப்பியது. கிழக்கே அகன்று மேற்கே ஒடுங்கும் நீண்ட கற்குவியல். கிழக்கு முனையில் குறுகலான நுழைவழி. அதைக் கடந்தால், நிறுத்திய கற்கள் சூழ்ந்த, கூரையில்லாத நீள்வட்ட முற்றம். முற்றத்தின் மேற்குக் கோடியில் விட்டக்கல் தாங்கிய வாயிலும், அதற்கப்பால் அடுத்தடுத்து இரண்டு அறைகளும் உள்ளன.

1935-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு இங்கே அகழ்ந்தது. எரியூட்டப்பட்ட நால்வரின் எச்சங்களோடு மட்பாண்டங்கள், மெருகேற்றிய கற்கோடரிகள், சிக்கிமுக்கிக்கல் அம்புமுனைகள் ஆகியவையும் கிடைத்தன. இவ்வளவு கல்லைச் சுமந்தது நால்வருக்காகவா? இதே வகையைச் சேர்ந்த, டவுன் மாவட்டத்து ஆட்லிஸ்டவுன் கல்லறையில் 34 பேரின் எலும்புகள் இருந்தன. எரிந்தவையும் எரியாதவையும் அங்கே ஒன்றாகக் கலந்து கிடந்தன. தலைமுறைகள் பல வாழ்ந்த குடிகளுக்கு அந்த எண்ணிக்கையும் மிகச் சொற்பமே. ஆகவே, ஊரார் அனைவருக்குமான இடுகாடாக இவற்றைக் கொள்ள முடியாது.

இங்கே உற்றுநோக்க வேண்டியது முற்றத்தைத்தான். பிணத்தை மறைத்து வைப்பதே நோக்கமென்றால் அறை போதும், முற்றம் தேவையில்லை. உயிரோடிருப்பவர்கள் கூடி நிற்கவே அது அமைந்திருக்க வேண்டும். கூடியவர்கள் ஆடினார்களா, படையலிட்டார்களா என்பதைக் கல் சொல்லாது. ஆயினும் அடக்கத்தோடு உறவு முடிந்துவிடவில்லை, திரும்பத் திரும்ப வந்து புதுப்பிக்கப்பட்டது என்ற கருத்துக்கு அந்த அமைப்பே வலுவான சான்று.

இத்தகைய கல்லறைகள் நில உரிமையை அறிவிக்கும் அடையாளங்களே, இதில் சமயத்துக்கு வேலையில்லை என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மாண்டவர்களுக்கு இன்னும் ஒரு தகுதி உண்டு என்று அனைவரும் ஏற்றால்தானே, அவர்களைக் காட்டி நிலத்தைத் தன்னுடையது என்று கூற முடியும்? உரிமைக் கோரிக்கையே அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

மேயோ மாவட்டத்துப் பாலிகிளாஸ் முற்றக் கல்லறை இந்தக் கருத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. அங்கே கல்லறையின் அடியில், ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுள்ள மரவீட்டின் தடம் வெளிப்பட்டது. வீடு இருந்த இடத்திலேயே பின்னர் கல்லறை எழுந்திருக்கிறது. ஆன்மா பற்றியோ மறுமை பற்றியோ அம்மக்கள் என்ன எண்ணினார்கள் என்று இதிலிருந்து ஊகிப்பது மிகை. வாழ்ந்த மனையை மாண்டோருக்கு ஒப்படைப்பதை அவர்கள் தகாததாகக் கருதவில்லை என்பது வரை உறுதியாகச் சொல்லலாம்.