மூன்று சென்ரிமீற்றர் தட்டம்

வெற்றிலைத் தட்டம் ஒன்று 36 சென்ரிமீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். பொம்மை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கைக்கொள்ளும் 12இல் 1 பங்கு அளவில் அது 3 சென்ரிமீற்றர் ஆகிவிடும். விளிம்பில் சிங்களவர் லியவெல என்னும் கொடிக்கோலத்தை ஓட்ட வேண்டுமானால் தூரிகையில் நாலைந்து மயிரை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரிக்க வேண்டும். இத்தனை பாடுபட்டு முடித்தாலும் அதில் ஒரு வெற்றிலை கிடக்காது. உபசரிக்க முடியாத உபசாரத் தட்டத்தை வீண் வேலை என்று தள்ளிவிடலாமா? கொடுத்தலின் பெறுமதி பொருளில் இருந்தால் தள்ளத்தான் வேண்டும். அது அங்கேயா இருக்கிறது?

அசோகாவதானத்தில் ஒரு கதை. மண்ணில் விளையாடும் சிறுவன் ஒருவன், பிச்சைக்கு வந்த புத்தரின் பாத்திரத்தில் மாவென்று சொல்லி ஒரு பிடி புழுதியை இடுகிறான். புத்தர் மறுக்கவில்லை, அவனே பின்னாளில் அசோகனாகப் பிறந்தான் என்கிறது நூல். குழந்தை வேண்டி மரத்தில் கட்டும் தொட்டிலிலும் எந்தக் குழந்தையும் படுக்கப் போவதில்லை. ஆனாலும் அதைப் பொய்த் தொட்டில் என்பாரில்லை. அப்படியானால் நினைப்பே போதுமே, கையை ஏன் வருத்த வேண்டும் என்று கேட்கலாம். பூசலாரைத் துணைக்கு அழைப்பார்கள்: திருநின்றவூரில் அவர் மனத்தால் எழுப்பிய கோயிலுக்காகக் காஞ்சியில் பல்லவன் கட்டிய கற்றளியின் குடமுழுக்கையே சிவன் தள்ளிவைக்கச் சொன்னார். ஆனால் பெரியபுராணத்தை நிதானமாகப் படித்தால், பூசலார் எதையும் சுருக்கவில்லை என்பது தெரியும். நிதி தேடினார், தச்சரைத் தேடினார், நாள் பார்த்து அடித்தளமிட்டார், சிகரம், மதில், கிணறு, குளம் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். கல்தான் இல்லை, உழைப்புக் குறையவில்லை. அந்த மூன்று சென்ரிமீற்றருக்குள் இதழ் இதழாகக் கோடு இழுப்பவரும் செய்வது அதைத்தான்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு: அது தட்டத்துக்கு ஏற்றும் அரக்கைப் பற்றியது. மாத்தளை மாவட்டத்துப் பல்லேஹப்புவிட, அரக்கு வேலைக்குப் பேர்போன ஊர். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் மாத்தளைப் பகுதியின் இந்த நகவேலையை விவரிக்கிறார். வண்ண அரக்கை நெருப்பில் இளக்கி, நூலாக இழுத்து, சூடேறிய மரத்தில் பதித்து, பெருவிரல் நகத்தால் கிள்ளிவிடுவார்கள். பிறகு தாளிப்பனை ஓலையால் தேய்த்து மினுக்கம் ஏற்றுவார்கள். அழகுதான். ஆனால் அரக்கு பூச்சியின் சுரப்பு. அதைச் சுரண்டி எடுத்து உருக்கும்போது எத்தனையோ பூச்சிகள் சாகின்றன. பிராமணர் விற்கக் கூடாதவற்றில் இறைச்சியோடு அரக்கையும் வைக்கிறது மனு நூல். சமண இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 தொழில்களில் அரக்கு வாணிகமும் ஒன்று. கொல்லும் எண்ணம் இல்லாத இடத்தில் வினையும் இல்லை என்று பௌத்தர் ஒருவர் வாதாடக்கூடும். எனக்கு அது கொஞ்சம் வசதியான வாதமாகவே படுகிறது. அரக்கு எங்கிருந்து வருகிறது என்று அறிந்தவருக்கு அது உதவாது.

பரம்பரையாக அரக்கு வேலையில் சோறு உண்ணும் குடும்பத்திடம் தொழிலை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பொழுதுபோக்காகப் பொம்மை வீடு செய்பவரின் சங்கதி வேறு. புழுதியே மாவாகும் என்று வாதாடிவிட்டு, அரக்கில்லாமல் தட்டம் தட்டமாகாது என்று அவர் சொல்ல முடியாது. கடையில் வாங்கிய சாதாரணப் பெயின்ற்றும் மெல்லிய பலகைத் துண்டும் அவருக்குப் போதும்.