உறுதியும் பிடிவாதமும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரை உலகம் எள்ளி நகையாடுகிறது. ஊரே எதிர்த்தாலும் தாம் கண்ட உண்மையைக் கைவிடாதவரை அதே உலகம் போற்றுகிறது. இருவரும் பலருக்கு எதிராகத் தனித்து நிற்பவர்களே. அங்ஙனமாயின் பிடிவாதம் எங்கே முடிகிறது? உறுதி எங்கே தொடங்குகிறது? வென்றவனுடையது உறுதி, தோற்றவனுடையது பிடிவாதம் என விடை கூறுதல் எளிது. ஆனால், அவ்விடை அறத்தை வெற்றியின் கையில் ஒப்படைத்துவிடுகிறது. முடிவு தெரியாத நாளில் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதன்றோ அறத்தின் வினா?

இவ்வினாவுக்கு விளக்கம் தரவல்லது ஜெஃப்ரி பேர்ன்ஸ்டாக் என்னும் நரம்பியல் அறிஞரின் வாழ்க்கை. 1929இல் இலண்டனில் பிறந்த அவர், 1959இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். உள்ளுறுப்புகளை இயக்கும் நரம்புகள் அசெட்டைல்கோலின், நோரட்ரினலின் என்னும் இரு பொருள்களின் வாயிலாகவே தசைகளுக்குச் செய்தி அனுப்புகின்றன என்பது அக்காலப் பாடநூல்களின் முடிவு. அவரும் அவர்தம் குழுவினரும் கினிப்பன்றியின் குடல் தசையில் அவ்விரு பொருள்களின் செயலையும் மருந்துகளால் தடுத்துவிட்டு மின்துடிப்பைச் செலுத்தினர். நரம்பின் பங்கு ஒழிந்தமையால், தசை நேரே தூண்டப்பட்டுச் சுருங்கும் என்பது எதிர்பார்ப்பு. தசையோ தளர்ந்தது!

எதிர்பாராதது நிகழும்போது கருவியின்மேல் பழியைப் போட்டுவிட்டு அப்பால் செல்வது மனித இயல்பு. அக்குழு அவ்வாறு செல்லவில்லை. 1963இல் தான் கண்டதை வெளியிட்டது. பின்னர், நரம்பின் செயலை முடக்கவல்ல பேத்தை மீன் நஞ்சைச் சேர்த்தபோது அத்தளர்ச்சி மறைந்தது. ஆகவே, அது நரம்பின் வேலையே என்பது தெளிவாயிற்று. எனின், செய்தி கடத்தும் மூன்றாவது பொருள் எது?

1970இல் அவர்கள் சுட்டிய பொருள், ஏ.டி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் அடினோசின் டிரைபாஸ்பேட். 1972இல் அத்தகைய நரம்புகளுக்குப் 'பியூரினெர்ஜிக்' என்று பேர்ன்ஸ்டாக் பெயர் சூட்டினார். அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஏ.டி.பி. என்பது உயிரணுக்களுக்குள் ஆற்றலை வழங்கும் பொருள். உலையில் இடவேண்டிய அரிசியைத் தெருவில் இறைத்து எவரேனும் அண்டைவீட்டாருக்குச் செய்தி சொல்வாரோ? அவர் சூட்டிய பெயரையே திரித்து, 'வெறுங்கற்பனை' என்று பொருள்படக் கேலி செய்தோரும் உண்டு.

ஐயுற்றோரைக் குறைகூறுதல் நீதியன்று. எங்கும் நிறைந்துள்ள ஒரு பொருள் நரம்பருகிலும் இருப்பதனாலேயே அது செய்தி கடத்துகிறது என ஒப்பிவிட இயலாது. சான்று கேட்பது அறிவுலகின் கடமை. கேலி மட்டுமே அக்கடமைக்குப் புறம்பானது.

பேர்ன்ஸ்டாக் கேலிக்குக் கேலியால் விடை கூறிக்கொண்டிருக்கவில்லை. இப்பொருள்களின் செய்தியை வாங்கும் ஏற்பிகள் இருவகைப்படும் என 1978இல் வகுத்தார். அவற்றுள் ஒருவகையை 1985இல் மேலும் இரண்டாகப் பகுத்தார். எவரும் சோதித்துப் பார்க்கத்தக்க, பொய்யாயின் பொய்யென்று காட்டத்தக்க கூற்றுகள் அவை. 1993, 1994ஆம் ஆண்டுகளில் அவ்வேற்பிகளின் மரபணுக்களைப் பிற ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தபோது ஐயம் பெரிதும் அகன்றது. இதய நோயாளர்க்கு இரத்தம் உறையாதிருக்க வழங்கப்படும் குளோபிடோகிரெல் என்னும் மருந்து செயற்படுவதும் அவற்றுள் ஒன்றின்மீதே என்பது பின்னர்ப் புலனாயிற்று.

ஆயினும், அவர்தம் பெருமை இவ்வெற்றியில் மட்டும் இல்லை. ஒரு நரம்பு ஒரு பொருளையே வெளியிடும் என்னும் கருத்தை 1976இல் அவரே கேள்விக்கு உள்ளாக்கினார். ஏ.டி.பி. தனி நரம்புகளுக்கு மட்டும் உரியதன்று. பிற பொருள்களுடன் சேர்ந்தும் வெளிப்படுகிறது என்றார். தாம் முன்பு வரைந்த படத்தைத் தாமே திருத்தினார். ஏளனம் ஓயாத காலத்தில் தம் கூற்றில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்வதற்குத் தனித்து நிற்பதைக் காட்டிலும் மிகுந்த துணிவு வேண்டும். அவர் தொடக்கத்தில் ஆய்ந்த அதே குடல் தளர்ச்சியில் நைட்ரிக் ஆக்சைடுக்கும் பங்குண்டு என்பதும் பின்னாளில் தெரியவந்தது. உண்மை, எந்த ஒருவருடைய கைக்கும் முழுமையாக அடங்குவதில்லை.

பிடிவாதக்காரன் முயலைக் கூடைக்குள் மூடிவைத்துக்கொண்டு மூன்று கால் என்பான். உறுதியுடையவன் கூடையைத் திறந்துவைத்து, "எண்ணிப் பாருங்கள்" என்பான். நான்கெனக் கண்டால் தானும் நான்கென்பான். இவ்வேறுபாட்டை அறிய இறுதி முடிவுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பேர்ன்ஸ்டாக்கின் கருத்து தோற்றுப்போயிருந்தாலும் அவர் உறுதியுடையவராகவே இருந்திருப்பார்.

2020இல், தம் 91ஆம் அகவையில், அவர் மறைந்தார். வகுப்பறையில் ஒரு மாணவன் பாடநூலுக்கு மாறான விடையைக் கூறும்போது, "தவறு" என்று சொல்லி அமர்த்திவிடுவது ஆசிரியர்க்கு எளிது. "சரி" என்று தட்டிக்கொடுப்பதும் எளிது. "எவ்வாறு அறிந்தாய்? காட்டு" என்று கேட்பதே அரிது. அவ்வினாவை எதிர்கொள்ளப் பழகிய மாணவனிடத்தில் பிடிவாதம் தங்காது; உறுதி வேரூன்றும்.