கைத்தொண்டும் அறிவும்

மலேசியாவில் 2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம் ஜெர்மனியின் முறையைத் தழுவியது. பயிலுநர் பயிற்சிக் காலத்தில் 70 முதல் 80 விழுக்காட்டை வேலையிடத்திலும் எஞ்சியதைப் பயிற்சி நிலையத்திலும் கழிக்கிறார். நிறுவனத்தோடு ஒப்பந்தம் உண்டு, உதவித்தொகை உண்டு, தேறியவருக்கு மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும். ஜொகூரின் பாசிர் கூடாங் போன்ற தொழில் நகரில் இப்படி வெல்டிங் பழக வரும் இளையர் ஒரே வேளையில் தொழிலாளியாகவும் மாணவராகவும் இருக்கிறார். அவருடைய கைவேலை அறிவாகுமா, அறிவுக்கு முந்திய படி மட்டும்தானா?

சைவ சித்தாந்தம் இதை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் சரியை உடலால் செய்யும் தொண்டு: கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூத்தொடுப்பது. ஞானமே முடிந்த நிலை என்பதால், ஏறியபின் விட்டுவிடும் கீழ்ப்படியாகச் சரியையைக் கருதுவோர் உண்டு. ஆனால் அந்நெறிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் அப்பர். உழவாரத்தால் கோயில் முற்றங்களில் புல் செதுக்கியவரும் தேவாரம் பாடியவரும் ஒருவரே. முதுமையிலும் அவர் அக்கருவியைக் கீழே வைக்கவில்லை. தொண்டும் அறிவும் அவரிடம் உடன் வளர்ந்தன என்று கொள்வதே பொருத்தம்.

கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இரண்டு பக்கமும் பேசினார். வீடு கட்டியே கட்டடக்காரர் ஆகிறார்கள் என்றவர், காரணம் அறிந்த தலைமைக் கைவினைஞரே வெறுமனே செய்பவரைவிட அறிவுடையவர் என்றும் கருதினார். வெல்டிங் பட்டறையில் இரண்டும் மெய்யாகின்றன. உருகும் இரும்பின் போக்கைப் புத்தகம் முழுமையாகச் சொல்லித் தராது; கைதான் பழக வேண்டும். ஆனால் ஈரமேறிய வெல்டிங் குச்சியால் பற்றவைத்தால், ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் உண்டாக்கலாம். குச்சியை ஏன் சூட்டில் உலர்த்தி வைக்கிறார்கள் என்று அறியாதவர், மேற்பார்வையாளர் இல்லாத நாளில் அதை விட்டுவிடுவார்.

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பயிலுநரை மாதக்கணக்கில் கூட்டவும் சுமக்கவும் மட்டும் விட்டுவிட்டு, அதைத் தொண்டு என்று போற்றுவது சரியையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். அப்பர் தாமே விரும்பிச் செய்தார். அதன் பயன் அவருடைய உயிருக்கே சேர்ந்தது. தொழிற்சாலையில் விளைபொருள் நிறுவனத்துக்குப் போகிறது. பயிலுநருக்குச் சேர வேண்டியது திறமை. முழுச் சம்பளத்துக்குப் பதிலாக உதவித்தொகை தருவதற்குக் கற்பித்தல் ஒன்றே நியாயம். கற்பிக்காத நிறுவனம் அவருக்கு முழுக் கூலி கடன்பட்டிருக்கிறது.